பழைய லேத்தைக் கழற்றிப் போட்டிருக்கும்போது துரு: எங்கே வருகிறது என்று பார்த்துச் சரிசெய்வது

பதினைந்து இருபது வருஷம் மூலையில் கிடந்தபோது வராத துரு, நாம் கழற்றிப் பளபளவென்று சுத்தம் செய்து வைத்த இரண்டாம் வாரம் வந்துவிடும். புதுப்பிக்க லேத் வாங்கிய எல்லாரும் பார்த்திருப்பார்கள். அந்தப் பழைய கிரீஸும் அழுக்கும் எண்ணெய்ப் பசையும்தான் இரும்புக்கு இத்தனை நாள் போர்வையாக இருந்தன, அதைச் சுரண்டி எடுத்துவிட்டு வேறு எதையும் போர்த்தாமல் விடுகிறோம், அவ்வளவுதான் விஷயம். அதனால் முதலிலேயே ஒன்று: இன்று இரவுக்குள் எண்ணெய் போட்டு மூட முடிகிற அளவுக்கு மட்டும் இன்று காலையில் சுத்தம் செய்யுங்கள். பெட் (மெஷினின் நீளமான அடிவார்ப்பு) முழுவதையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வெள்ளையாக்கிவிட்டு அடுத்த ஞாயிறு வரை தொடாமல் விட்டால் கீழே உள்ள எல்லா வழிமுறையும் தேவைப்படும்.

இதை வார்ப்பிரும்பு பெட் உள்ள பழைய எச்எம்டி, பிஎஸ்ஜி, மைசூர் கிர்லோஸ்கர், பட்டாலா லேத்துகளை மனதில் வைத்து எழுதுகிறேன். மில்லிங், ஷேப்பர், டிரில்லிங் மெஷின் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இதேதான். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு சென்னைக்காரர்களைவிடத் தொல்லை கொஞ்சம் குறைவு, ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. ஒவ்வொரு இடத்திலும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், அதே வரிசையில் பார்த்து வாருங்கள்.

கழுவி எடுத்த சில நிமிஷத்திலேயே ஆரஞ்சுப் பொடி படிகிறது

சோப்புத் தண்ணீரோ டிகிரீசரோ போட்டுத் தேய்த்து, அலசி, துடைத்துக்கொண்டிருக்கும்போதே மேலே மெல்லிய ஆரஞ்சு நிறம் ஏறும். இது ஆழமான துரு இல்லை, எண்ணெயில் நனைத்த ஸ்காட்ச் பிரைட்டால் தேய்த்தால் போய்விடும். ஆனால் ஏன் வந்தது என்று பார்க்காமல் விட்டால் அடுத்த பாகத்திலும் வரும்.

தண்ணீர் பச்சைத் தண்ணீரா? கடைசி அலசலுக்கு நன்றாகக் கொதித்த தண்ணீர் வேண்டும். இரும்பே சூடானால் வெளியே எடுத்ததும் தானாகக் காய்ந்துவிடும், குளிர்ந்த இரும்பில்தான் ஈரம் தங்குகிறது. அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா கலந்தால் இன்னும் நல்லது, காரத் தண்ணீரில் இரும்பு துருப்பிடிக்கத் தயங்கும். அலுமினிய பாகங்களுக்கு மட்டும் இது வேண்டாம், சோடா அதை அரிக்கும். ஆப்ரன் கவர், கைப்பிடி மூடி மாதிரி சிலவற்றைப் பெயின்ட் மேலிருப்பதால் இரும்பு என்று நினைத்துப் போட்டுவிடுவோம், ஒரு காந்தம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் சரி என்றால் கம்ப்ரஸரைச் சந்தேகப்படுங்கள். மழைக்காலத்தில் டேங்கின் அடியில் கணிசமாகத் தண்ணீர் சேரும், ஈரத்தை விரட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஈரத்தையே பீய்ச்சுவோம். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் சில நொடிகள் ஊதிப் பாருங்கள், பனி படிந்தால் அடியில் உள்ள வடிகால் வால்வைத் திறந்து காலி செய்யுங்கள். தினமும் செய்ய வேண்டிய வேலை, யாரும் செய்வதில்லை.

அடுத்தது டீசல் டிரே. டீசலிலோ மண்ணெண்ணெயிலோதானே கழுவினேன், தண்ணீரே படவில்லையே என்பவர்கள் டிரேயின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். கீழே தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கிறதா? மாதக்கணக்கில் ஒரே டீசலில் கழுவினால் நிற்கும். பாகத்தின் அடிப்பக்கம் அந்தத் தண்ணீரில்தான் உட்கார்ந்திருந்தது.

பெட் மாதிரி பெரிய வார்ப்பைச் சூடாக்கிக் காய வைக்க வழியில்லை. அதற்குத் தண்ணீரே வேண்டாம். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர், டர்பன்டைன், பிரஷ், பனியன் வேஸ்ட். மெதுவாகத்தான் போகும்.

விரல் வைத்த இடத்தில் மட்டும் பழுப்பு ரேகை

வியர்வையில் இருக்கும் உப்பு. இதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு, சிலர் கை பட்டால் மறுநாளே ரேகை தெரியும், சிலருக்கு வாரம் ஆனாலும் ஒன்றும் ஆகாது. மைக்ரோமீட்டர், கேஜ் பிளாக் புழங்கும் இடங்களில் இது தெரிந்த சங்கதிதான்.

ரேகையின் மேலேயே எண்ணெய் பூசினால் உப்பு அடியில் மாட்டிக்கொள்ளும், துரு நிற்காது. உப்பு எண்ணெயில் கரையாது, டர்பன்டைனிலும் கரையாது. கொஞ்சம் தண்ணீர் கலந்த ஸ்பிரிட்டால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி, அதன்பிறகு எண்ணெய். சுத்தம் செய்த பாகத்தைத் தூக்க நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பருத்திக் கையுறை இரண்டாம் நாளே வியர்வையில் ஊறிவிடுவதால் பிரயோஜனம் இல்லை. பார்க்க வருகிற நண்பர்கள் கிராஸ் ஸ்லைடைத் தடவிப் பார்த்து “சூப்பரா வந்திருக்கு” என்பார்கள், அவர்கள் போனதும் அந்த இடத்தை ஒரு தடவை துடைத்துவிடுவது நல்லது.

எண்ணெய் தடவி மூடி வைத்தும் காலையில் புள்ளி புள்ளியாகத் துரு

அதிகம் பேர் மாட்டுவது இங்கேதான். புள்ளிகளைத் துடைப்பதற்கு முன்னால் எங்கெங்கே இருக்கின்றன என்று நின்று பாருங்கள்.

*துணியால் அழுத்தித் துடைத்தால் போய்விடுகிறது, அடியில் கறையே இல்லை:* இது உங்கள் பாகத்தின் துருவே இல்லை. பக்கத்தில் ஆங்கிள் கிரைண்டர் ஓட்டியிருக்கிறார்கள், அந்த இரும்புத் தூள் எண்ணெயில் ஒட்டித் துருப்பிடித்திருக்கிறது. துடைத்துவிட்டு கிரைண்டிங் வேலையை வெளியே கொண்டுபோங்கள். அந்தத் தூள் ஸ்லைடுக்குள் போனால் துருவைவிட மோசம், தேய்த்தே தின்றுவிடும்.

*செங்குத்தான முகங்களிலும் மேல் விளிம்புகளிலும் மட்டும்:* எண்ணெய் வழிந்து இறங்கிவிட்டது. மெஷின் ஆயில், தையல் மெஷின் எண்ணெய், டபிள்யூடி-40 எல்லாம் இதில் சேர்த்தி. டபிள்யூடி-40 ஈரத்தை விரட்ட நல்லது, மாதக்கணக்கில் காவல் நிற்காது. ஓரிரு நாளுக்கு 68 நம்பர் ஸ்லைடுவே ஆயில் போதும், அது ஓரளவு ஒட்டிக்கொள்ளும். வாரக்கணக்கு என்றால் ரஸ்ட் ப்ரிவென்டிவ் ஆயில் என்றே கேட்டு வாங்குங்கள். மாதக்கணக்கு என்றால் மெழுகு மாதிரி படியும் பூச்சு, கிடைக்காவிட்டால் பெட்ரோலியம் ஜெல்லியை டர்பன்டைனில் கரைத்து பிரஷ்ஷால் பூசலாம், டர்பன்டைன் பறந்துபோய் ஜெல்லி தங்கும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் கரைக்காதீர்கள்.

போடக் கூடாதவை இரண்டு. ஒன்று, வண்டியிலிருந்து இறக்கிய பழைய இன்ஜின் ஆயில்: எரிபொருள் எரிந்த அமிலமும் ஈரமும் அதிலேயே இருக்கும், பட்டறைகளில் அதைத்தான் தாராளமாகப் பூசுகிறார்கள். இன்னொன்று சமையல் எண்ணெய். தோசைக்கல்லில் எண்ணெய் சூட்டில் இறுகிப் படலமாகிறது, பெட்டில் அது கோந்தாகி, வேலைப்பொருளின் மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக்கையே நகரவிடாது.

*மேல்நோக்கிய முகங்களில் எல்லா இடத்திலும் பரவலாக:* வியர்த்திருக்கிறது. காற்று 30 டிகிரியும் ஈரப்பதம் 80 சதவீதமும் இருந்தால், 26 டிகிரியோ அதற்குக் கீழோ இருக்கிற எதன் மேலும் தண்ணீர் நிற்க ஆரம்பிக்கும். இரவில் குளிர்ந்த நானூறு கிலோ வார்ப்பு காலை எட்டு மணிக்கும் அதைவிடக் குளிர்ந்தே இருக்கும், நீங்கள் ஷட்டரைத் திறந்ததும் வெளிக்காற்று வந்து அதன் மேல் படியும். கையால் தொட்டாலே தெரியும். ஒரு ஈரப்பத மீட்டர் சில நூறு ரூபாய்தான், வாங்கி மெஷின் பக்கத்திலேயே வையுங்கள், 60 சதவீதத்தைத் தாண்டினால் துரு வேகம் பிடிக்கும். இதற்கு இரும்பைச் சுற்றுப்புறத்தைவிட ஓரிரு டிகிரி சூடாக வைத்தால் போதும்: பெட்டின் அடியில், துணி மூடிக்குள், 60 வாட் குண்டு பல்பு ஒன்று இரவு முழுக்க எரியட்டும். பல்பு மேல் துணியோ வேஸ்ட்டோ படாமல் கம்பி வலைக்கூண்டு போடுங்கள். எல்இடி பல்பு சூடு தராது, அதைப் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்ல வேண்டாம்.

*மூடியின் மடிப்பு பட்ட இடங்களில் கோடு கோடாக:* பாலிதீன் தார்ப்பாய். தண்ணீர் உள்ளே போகாது, உள்ளே இருக்கிற ஈரமும் வெளியே போகாது, விடிகாலையில் உள்பக்கம் துளித்துளியாகத் தொங்கி மடிப்பு வழியாக இறங்கும். மேலே ஒழுகும் கூரை இருந்தால் தார்ப்பாயை உயரத்தில் பந்தலாகக் கட்டி, மெஷினை மட்டும் பழைய பருத்திப் போர்வையால் மூடுங்கள். போர்வை எண்ணெய் உறிஞ்சும், அதனால் அடியில் எண்ணெய்த்தாளோ விசிஐ தாளோ (துருவைத் தடுக்கும் ஆவி விடும் தாள்) ஒரு அடுக்கு.

*தரையை ஒட்டிய பாகங்களில், அடிப்பக்கத்தில்:* சிமென்ட் தரை ஈரம் விடுகிறது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் துண்டைத் தரையில் நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி 16 மணி நேரம் விட்டுப் பாருங்கள், அடியில் வேர்த்திருந்தாலோ தரை கருத்திருந்தாலோ உறுதி. பாகங்களை இரும்பு ரேக்கில் தரையிலிருந்து ஓர் அடியாவது தூக்கி வையுங்கள்.

*இதெல்லாம் சரி, ஆனாலும் நாலா பக்கமும் ஒரே மாதிரி வருகிறது, தொங்குகிற ஸ்பேனரில்கூட:* அறைக்குள் வேறு ஏதோ இருக்கிறது. ஆசிட் பாட்டில், பிளீச்சிங் பவுடர் டப்பா, பேட்டரி சார்ஜ் ஏற்றும் இடம், உர மூட்டை. ஆசிட் பாட்டில் மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது என்பார்கள், மூடியைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அறையை விட்டே வெளியேற்றுங்கள்.

துருவை எடுத்த பாகத்தில் மறுபடி மறுபடி வருகிறது

எதில் போட்டு எடுத்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. பாத்ரூம் கழுவும் ஆசிட் என்றால் விடை அங்கேயே கிடைத்துவிட்டது. அதில் உள்ள குளோரைடு இரும்பின் நுண்குழிகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், மேலே எத்தனை எண்ணெய் போட்டாலும் அடியிலிருந்து வரும். வாஷிங் சோடாத் தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டு, கொதிநீரில் பலமுறை அலசி, சூடாக்கிக் காய வைத்து எண்ணெயில் முக்கிப் பாருங்கள். அடங்கவில்லை என்றால் மின்பகுப்பு: பிளாஸ்டிக் தொட்டியில் சோடாத் தண்ணீர், 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், பாகத்துக்கு நெகட்டிவ், ஒரு பழைய இரும்புத் தகட்டுக்கு பாசிட்டிவ். தகடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கவே கூடாது, குரோமியம் நஞ்சு தண்ணீரில் கலக்கும். சோடாவுக்குப் பதில் உப்பு போடக் கூடாது, குளோரின் வரும். கிளம்புகிற குமிழி ஹைட்ரஜன், அதனால் திறந்த வெளியில், பீடி சிகரெட் இல்லாமல்.

எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தில் போட்டது என்றால் பிரச்சினை சின்னது. லிட்டருக்கு 50 கிராம் போதும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும், எடுத்ததும் சோடாத் தண்ணீரில் ஒரு முக்கு. அந்த முக்கை விட்டுவிட்டால்தான் மறுபடி வரும்.

பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி பூசியிருந்தால், அந்தக் கருப்புப் படலம் பெயின்ட் அடிக்கிற இடத்துக்கு மட்டும்தான். ஸ்லைடிலும் திருகுமரையிலும் போட்டிருந்தால் எண்ணெய்க்கல்லால் எடுத்துவிடுங்கள்.

கடினமாக்கிய ஸ்பிரிங், கோலெட், கிரேடு போல்ட் எதையும் எந்த ஆசிட்டிலும் மின்பகுப்பிலும் போடாதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே ஏறி, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். கம்பி பிரஷ்ஷும் பொறுமையும்தான் அவற்றுக்கு.

கறுப்பாக இருக்கிறது, போகவே மாட்டேன் என்கிறது

தேய்த்தாலும் சிவப்பு வராமல், நகம் ஓட்டினால் சமமாக இருந்தால் விட்டுவிடுங்கள். எண்ணெய் போட்டு வையுங்கள். அழகுக்காக எமரி போட்டு பெட்டைத் தேய்ப்பவர்களை என்ன சொல்வது, எண்ணெய் பிடிக்கச் சுரண்டி வைத்த ஸ்கிராப்பிங் அடையாளத்தை அழித்துவிட்டு மினுக்குகிறது என்று படம் எடுப்பார்கள்.

பெட்டியில் சுற்றி வைத்த சின்ன பாகங்கள்

செய்தித்தாளில் சுற்றினீர்களா, அட்டைப்பெட்டியிலா? இரண்டும் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். புது பிளைவுட் பெட்டியும் மூடிய நிலையில் அமில ஆவி விடும். மரத்தூளில் புதைத்து வைப்பது இன்னும் மோசம், எண்ணெயை உறிஞ்சிவிட்டு ஈரத்தைத் தரும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, பாகத்தில் எண்ணெய், விசிஐ தாள் சுற்று, ஒரு சிலிகா ஜெல் பை. ஜெல்லை அவ்வப்போது வாணலியில் மெதுவாகச் சூடாக்கிப் பயன்படுத்தலாம், ஆனால் அந்த வாணலி பிறகு சமையலுக்கு ஆகாது.

வெண்கல நட்டை லீட் ஸ்க்ரூவில் மாட்டியபடியே வைத்து, நட்டின் விளிம்பில் மட்டும் துருக்கோடு வந்திருக்கிறதா? இரண்டு உலோகமும் நடுவில் ஈரமும் சேர்ந்து செய்கிற வேலை. கழற்றித் தனித்தனியாக வையுங்கள், எது எதனோடு சேரும் என்று சீட்டு கட்டி.

வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்குக்குப் பின்னாலும் டெயில் ஸ்டாக் அடியிலும் துரு

பாதி வேலை முடிந்து, இடையில் ஓட்டிப் பார்ப்போம் என்று ஓட்டிய மெஷினில் வருவது. தண்ணீர் கலந்த கூலன்ட் இடுக்கில் போய் நின்று, தண்ணீர் காய்ந்து மீதி தங்குகிறது. ஓட்டி முடித்ததும் டெயில் ஸ்டாக்கை அதன் இடத்திலிருந்து நகர்த்தி அடியில் துடையுங்கள். பல நாள் ஓட்டப்போவதில்லை என்றால் சக்கைக் கழற்றி ஸ்பிண்டில் மூக்குக்கு எண்ணெய் போட்டு வையுங்கள். துரு வந்த மூக்கில் சக் இறுகிக்கொண்டால் கழற்றுவதற்குள் உயிர் போகும்.

புது பெயின்ட் கொப்புளிக்கிறது

கொப்புளத்தை பிளேடால் கீறிப் பாருங்கள். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு என்றால், பழைய வார்ப்பு பல வருஷமாகக் குடித்த எண்ணெய் இது, மேலே துடைத்தால் போதாது. வெயிலில் வைத்தால் கசிந்து வரும், தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, மறுபடி வெயில், துணி வெள்ளையாகவே வரும்வரை. உள்ளே ஆரஞ்சு என்றால் ப்ரைமருக்கு முன்பே துரு இருந்தது. பட்டி ஈரமாக நொறுங்கினால், ப்ரைமர் இல்லாமல் வெறும் இரும்பில் பட்டி போட்டிருக்கிறீர்கள், அது ஈரத்தை இழுக்கும்.

பல இடத்தில் கொப்புளம் என்றால் மணல் வீச்சுக்காரரிடம் கொடுப்பது மலிவு. ஸ்லைடு முகம், பேரிங் துளை, ஆயில் துளை எல்லாவற்றையும் தடித்த டேப்பும் கட்டையும் வைத்து நீங்களே அடைத்துக் கொடுங்கள், அவர்களை நம்ப வேண்டாம். வீசி முடித்த இரும்பு அப்பட்டமாக நிற்கும், அன்றைக்கே ப்ரைமர் அடித்தாக வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற மெஷின்

2015 டிசம்பரில் ஈக்காட்டுத்தாங்கலிலும் கிண்டியிலும், 2023 மிக்ஜாம் புயலில் அம்பத்தூரிலும் மூழ்கிய மெஷின்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன, சொல்லாமல்தான் விற்பார்கள். உங்களுடையதே மூழ்கினாலும் சரி, அப்படி ஒன்றை வாங்கினாலும் சரி, கரண்ட் கொடுக்காதீர்கள். மோட்டார் கழன்று ரீவைண்டிங் கடைக்குப் போகட்டும், மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்து அடுப்பில் காய வைத்துத் தருவார்கள். அது உங்கள் வேலை இல்லை, ஸ்டார்ட்டரும் பேனலும் எலக்ட்ரீஷியன் வேலை.

இரும்பைப் பொறுத்தவரை: சேறு காய்வதற்குள் நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள். துருவுக்குப் பயந்து தண்ணீர் காட்டாமல் விட்டால் சேறும் உப்பும் உள்ளேயே தங்கும். கியர்கள் இருக்கும் ஹெட்ஸ்டாக்கின் அடி வடிகாலைத் திறந்தால் முதலில் தண்ணீர் வரும், ஆயில் பால் போல வந்தால் முழுக்க வடித்து, டீசலால் அலசி, மூடியைக் கழற்றி கியர்களைப் பாருங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் சுத்தம் செய்ய முடியாது, அப்போது அரைகுறையாகக் காயவிடாமல், இரும்பு பாகங்களை டிரம்மில் சோடாத் தண்ணீரிலேயே முழுக்க மூழ்கவிட்டு ஒவ்வொன்றாக எடுங்கள். பாதி உள்ளே பாதி வெளியே நின்றால் தண்ணீர்க் கோட்டில் தின்றுவிடும். ஸ்பிண்டில் பேரிங்கைக் கையால் சுற்றும்போது கரகரத்தால் சுத்தம் செய்து போட்டுப் பார்க்காதீர்கள், மாற்ற வேண்டியதுதான். மாற்றுவதும் முன்சுமை வைப்பதும் (பேரிங்கை அளவாக இறுக்குவது) ஸ்பிண்டில் வேலை தெரிந்தவரிடம்.

பெட்டில் குழி விழுந்துவிட்டது

முதலில் நல்ல எண்ணெய்க்கல்லை எண்ணெயோடு தட்டையாக ஓட்டுங்கள். துரு மேடாக நிற்கும், அதை மட்டும் கல் எடுக்கட்டும். அதன்பிறகு தனித்தனியாக நிற்கும் குழிகள் ஒன்றும் செய்யாது, கொஞ்சம் எண்ணெய் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். குழியை நிரப்பப் பார்க்காதீர்கள்.

விளிம்பு உடைந்து குழிகள் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தாலோ, பெட்டின் மேல் ஓடும் சேடில் அந்த இடத்தில் தட்டினாலோ, நேர்விளிம்புக் கட்டையின் அடியில் வெளிச்சம் தெரிந்தாலோ பெட் கிரைண்டிங்காரரைக் கூப்பிட வேண்டிய நேரம். கூப்பிடும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். பெட் கடினமாக்கியதா, எவ்வளவு எடுத்தால் அந்தத் தோல் போய்விடும்? எடுத்த அளவுக்கு சேடில் கீழே இறங்குமே, அதை அடியில் லைனிங் ஒட்டி, ஸ்கிராப் செய்து தூக்கிக் கொடுப்பாரா, இல்லை லீட் ஸ்க்ரூவும் ஃபீட் ராடும் உரசட்டும் என்று விட்டுவிடுவாரா? இரண்டாவதுக்குச் சரியான பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

கிரைண்டிங் முடிந்த பெட்டை எடுத்துவரப் போகும்போது ரஸ்ட் ப்ரிவென்டிவ் ஆயில், பிரஷ், டர்பன்டைன், நிறைய வேஸ்ட், விசிஐ தாள் எல்லாம் கையோடு கொண்டுபோங்கள். கூலன்ட் ஈரத்தோடு அப்படியே லாரியில் ஏற்றிவிடுவார்கள். அங்கேயே துடைத்து, பூசி, தாள் சுற்றிய பிறகு தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டச் சொல்லுங்கள்.